கேட்டவர் கடன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுக் காலமாக இவ்வட்டம் சொல்லுதலின் நுட்பங்களைப் பேசி வந்துள்ளது. இங்குக் கவிதைகள் வாசிக்கப்பெற்றன, கட்டுரைகள் படிக்கப்பெற்றன, வாதங்கள் நிகழ்ந்தன. இவை யாவும் நிகழ்வதற்கு ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டிருந்தனர் என்பதைப் பெரும்பாலும் எவரும் எண்ணுவதில்லை. ஆகவே இந்நிறைவு விழாவில் கேட்டலைப் பற்றிச் சிறிது சிந்திப்பது பொருத்தமாகும். திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அங்குப் பேசப்படுவது, கற்றறிந்தார் சொல்லப் பிறர் கேட்டுப் பயன் கொள்ளும் கேள்வி. அதற்கு எதிர்த்திசையில் அமைந்த கேள்வி ஒன்றும் உண்டு. நோயுற்றவர் சொல்லக் கற்றவர் கேட்பது அது. இந்த இரண்டாம் வகைக் கேள்வியைத் தம் வாழ்க்கைத் தொழிலாகவே ஆக்கிக்கொண்டவர், வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு.

பிராய்டைத் தமிழ்த் திறனாய்வுலகம் நன்கறியும். நனவிலி மனம், கனவு, குறியீடு என அவர் தந்த கலைச்சொற்கள் நம் ஆய்வேடுகளில் நிறைந்துள்ளன. ஆனால் நாம் அறிந்திருப்பது கோட்பாட்டாளரான பிராய்டை. வீட்டு வாடகையும் ஆறு குழந்தைகளின் செலவும் தலைமேல் இருக்க, தெருவை நோக்கிய ஓர் இல்லத்தில் பெயர்ப்பலகை மாட்டி நோயாளியின் வருகைக்குக் காத்திருந்த தொழிலாளரான பிராய்டை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் தொழில் தொடங்கியது 1886ஆம் ஆண்டு. முடித்தது 1939ஆம் ஆண்டு. இடைப்பட்ட 53 ஆண்டுகளில் அவர் எதிர்கொண்ட வினாக்கள் கவிஞர்க்கும் உரியவை. பிறர் துயரைக் கேட்பதற்கு விலை வைக்கலாமா? கேட்டதை எழுதலாமா? எழுதினால் அத்துயர் யாருடையது? கேட்பதை எப்போது நிறுத்துவது? இவ்வுரை அவ்வினாக்களின் வழியே செல்ல முயல்கிறது.

தொடக்கம்

பிராய்டு மருத்துவத் தொழிலை விரும்பி ஏற்றவர் அல்லர். 1881இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது அவர் உள்ளம் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தது. எர்னஸ்ட் பிரூக்கே என்னும் பேராசிரியரின் உடலியங்கியல் ஆய்வுக்கூடத்தில் ஆறாண்டுகள் நுண்ணோக்காடியின் முன் அமர்ந்திருந்தார். அவருடைய வறுமையைக் கண்ட பிரூக்கே, ஆய்வுவழி அவர்க்கு வாழ்வளிக்காது என அறிவுறுத்தினார். 1882இல் மார்த்தா பெர்னேய்ஸ் என்னும் பெண்ணுடன் திருமணம் உறுதியாகியிருந்தது. குடும்பம் நடத்தப் பொருள் வேண்டும். பொருளுக்குத் தொழில் வேண்டும். வியன்னா பொதுமருத்துவமனையில் மூன்றாண்டுகள் பயிற்சி பெற்றபின், 1885 அக்டோபரில் பாரிஸ் சென்று, சால்பெத்ரியே மருத்துவமனையில் ழான் மார்ட்டின் ஷார்கோ என்னும் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞரிடம் சில மாதங்கள் பயின்றார். ஹிஸ்டீரியா எனப்பட்ட நோய் நடிப்பன்று, உண்மையான துன்பமே என்னும் தெளிவை அங்கே பெற்றார்.

1886 ஏப்ரல் 25ஆம் நாள், ராட்ஹவுஸ் தெரு 7ஆம் எண் இல்லத்தில் அவர் தம் தனித்தொழிலைத் தொடங்கினார். அது ஈஸ்டர் ஞாயிறு. நகரமே கடையடைத்திருந்த திருநாள். அவ்வாண்டு செப்டம்பரில் திருமணம் நடந்தது. நோயாளிகள் தாமாக வந்து குவியவில்லை. வயதில் மூத்த நண்பரும் நகரின் மதிப்பிற்குரிய மருத்துவருமான யோசெப் பிராயர் அனுப்பிவைத்தவர்களே தொடக்கத்தில் பெருந்துணை. அதே காலத்தில் குழந்தைகளுக்கான பொதுமருத்துவ நிலையம் ஒன்றில் நரம்பு நோய்ப் பிரிவைப் பல ஆண்டுகள் ஊதியமின்றி நடத்தினார். 1891இல் குடும்பம் பெர்க்காசே 19ஆம் எண் இல்லத்துக்குக் குடிபெயர்ந்தது. அவ்வீடே அடுத்த 47 ஆண்டுகள் அவருக்கு இல்லமும் தொழிற்களமும் ஆயிற்று.

கருவிகளைத் துறத்தல்

ஒரு தொழிலில் தனித்திறம் பெறுதல் என்றால் புதுப்புதுக் கருவிகளைச் சேர்த்துக்கொள்ளுதல் என்றே பொதுவாகக் கருதுவோம். பிராய்டின் வரலாறு இதற்கு மாறானது. அவர் கருவிகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே சென்று தம் துறையைக் கண்டடைந்தார்.

தொடக்கத்தில் அவரிடம் இருந்தவை இரண்டு: மின்சிகிச்சையும் அறிதுயிலும். மின்சிகிச்சைக்கு அக்காலத்தில் பெரிய பாடநூல்களே இருந்தன. அந்நூல்கள் கூறியபடி செய்து பார்த்து, பயனில்லை எனக் கண்டு, அக்கருவியை ஒதுக்கினார். 1887இன் இறுதியில் அறிதுயிலைக் கைக்கொண்டார். 1889இல் பிரான்சு நாட்டின் நான்சி நகருக்குச் சென்று பெர்னேமின் முறையையும் கண்டு வந்தார். ஆனால் எல்லாரையும் அறிதுயிலில் ஆழ்த்த அவரால் இயலவில்லை. பிறகு நெற்றியில் கைவைத்து அழுத்தி நினைவைத் தூண்டும் முறை. பின்னர் அதுவும் போயிற்று. இறுதியில் எஞ்சியவை ஒரு சாய்மஞ்சம், அதன் தலைமாட்டில் ஒரு நாற்காலி, சொல்பவர், கேட்பவர். அவ்வளவே.

இம்மாற்றத்தைச் செய்தவர் பிராய்டு மட்டும்தானா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1880 முதல் 1882 வரை பிராயரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருத்தி, நூலில் 'அன்னா ஓ' எனக் குறிக்கப்படுபவள், தான் பேசப் பேசத் துன்பம் குறைவதை உணர்ந்து அம்முறைக்குத் தானே பெயரிட்டாள். 'பேச்சு மருத்துவம்' என்பது அவள் தந்த பெயர். விளையாட்டாகப் 'புகைபோக்கி துடைத்தல்' என்றும் சொன்னாள். பிராய்டிடம் வந்த இன்னொரு பெண், இடைமறித்து வினவாமல் தன்னைச் சொல்லவிடுமாறு கேட்டாள். பிராயரும் பிராய்டும் சேர்ந்து 1895இல் வெளியிட்ட 'ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்' என்னும் நூலில் இவை பதிவாகியுள்ளன. ஆகவே இத்துறையின் அடிப்படைச் சொல்லும் அடிப்படை நெறியும் நோயாளிகளிடமிருந்து, அதிலும் பெண்களிடமிருந்து, வந்தவை. மருத்துவர் செய்த பெருஞ்செயல், அவர்கள் சொன்னதை ஏற்று வாய்மூடியிருந்தது.

அதே நூலில் பிராய்டு ஒரு வியப்பைப் பதிவு செய்கிறார். தாம் எழுதும் நோய்வரலாறுகள் அறிவியல் அறிக்கைகளைப்போல் அமையாமல் சிறுகதைகளைப்போல் அமைந்துவிடுகின்றனவே என்பது அவ்வியப்பு. அது தம் விருப்பத்தால் நேர்ந்ததன்று, பொருளின் இயல்பால் நேர்ந்தது என்றும் அமைதி கூறுகிறார். ஒரு மனிதரின் துன்பத்தை உள்ளவாறு சொல்லப் புகுந்தால் அது கதையின் வடிவையே எடுக்கும் என்பதை, இலக்கியம் பயிலாத துறையிலிருந்து வந்த சான்றாக நாம் கொள்ளலாம்.

அறையும் நேரமும் கட்டணமும்

தொழிலின் நடைமுறையைப் பிராய்டு 1912, 1913ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் ஒளிவின்றி விளக்கியுள்ளார். சிகிச்சையைத் தொடங்குதல் பற்றிய 1913ஆம் ஆண்டுக் கட்டுரை சதுரங்க உவமையோடு தொடங்குகிறது. சதுரங்கத்தில் தொடக்க ஆட்டத்தையும் இறுதி ஆட்டத்தையும் மட்டுமே நூலால் கற்பிக்க இயலும். நடு ஆட்டம் எண்ணிறந்த வகையாய் விரிவது. மனமருத்துவமும் அத்தகையதே என்கிறார்.

ஞாயிறும் பொதுவிடுமுறையும் நீங்கலாக வாரத்தில் ஆறு நாள் நோயாளி வருவது பொது வழக்கம். ஒவ்வொருவர்க்கும் ஒரு மணிநேரம் ஒதுக்கப்படும். அந்நேரம் அவருக்குக் குத்தகைக்கு விட்டதுபோல. வந்தாலும் வாராவிட்டாலும் கட்டணம் உண்டு. இசையாசிரியரும் மொழியாசிரியரும் இவ்வாறே செய்வதை அவர் எடுத்துக்காட்டுகிறார். மருத்துவர் நோயாளியின் கண்ணுக்குப் புலனாகாமல் தலைமாட்டில் அமர வேண்டும். இதற்குக் கோட்பாட்டுக் காரணங்களைக் கூறுமுன், நாள்தோறும் எட்டு மணிநேரம் பிறர் தம்மையே உற்றுநோக்குவதைத் தம்மால் தாங்க முடியாது என்னும் எளிய காரணத்தையும் அவர் மறைக்கவில்லை. நோயாளிக்குரிய விதி ஒன்றே: மனத்தில் தோன்றுவது எதுவாயினும், அற்பமானதாயினும் நாணத்தக்கதாயினும், விடாமல் சொல்ல வேண்டும். ஓடும் தொடர்வண்டியின் பலகணியருகே அமர்ந்தவர், உள்ளே இருப்பவர்க்கு வெளிக்காட்சிகளை மாறிமாறிச் சொல்லிவருவதுபோலச் சொல்ல வேண்டும். கேட்பவர்க்குரிய விதியும் ஒன்றே: எதையும் தேர்ந்தெடுத்துப் பற்றிக்கொள்ளாமல் எல்லாவற்றின்மீதும் செவியைச் சமமாக மிதக்கவிட வேண்டும், கேட்கும்போது குறிப்பெடுத்தலும் கூடாது.

கட்டணம் பற்றிப் பேச நாணக்கூடாது என்பது அவர் கொள்கை. நாகரிக மாந்தர் காமத்தைப் போலவே பணத்தையும் மறைத்துப் பேசுகின்றனர். இரண்டையும் வெளிப்படையாகப் பேசப் பழகுவதே மருத்துவர் தரும் முதற்பாடம் என்கிறார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் நாளொன்றுக்கு ஒரு மணிநேரம், சிலபோது இரண்டு மணிநேரம், கட்டணமின்றிச் சிகிச்சை செய்து பார்த்ததாகவும், அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்றும் எழுதுகிறார். இலவசமாகப் பெறுபவர் மருத்துவர்க்குக் கடன்பட்டதாக உணர்கிறார். அவ்வுணர்வே மனந்திறந்து பேசத் தடையாகிறது என்பது அவர் கருத்து.

இது ஏற்கத்தக்க வாதமா? கட்டணம் உறவை நேர்மையாக்குகிறது என்பதில் உண்மை உண்டு. அதே வேளையில் அக்கட்டணத்தைச் செலுத்த இயன்றவர் யாவர் என்று நோக்கினால், வியன்னாவின் செல்வர் குடும்பத்தினரே பெரும்பாலர். முதல் உலகப்போருக்குப்பின் ஆஸ்திரிய நாணயம் வீழ்ந்து, சேமிப்பெல்லாம் மதிப்பிழந்தபோது, டாலரில் கட்டணம் தந்த அமெரிக்க, ஆங்கிலேய மாணவர்களே அவர் குடும்பத்தைக் காத்தனர். ஒரு மணிநேரத்துக்குப் பத்து டாலர் என்பது அன்றைய வியன்னாவில் பெருந்தொகை. உள்ளூர் ஏழையின் துயர் அச்செவிக்கு எட்டாத தொலைவில் இருந்தது.

பிராய்டு இதை உணராதவர் அல்லர். 1918இல் புடாபெஸ்ட் நகரில் ஆற்றிய உரையில், ஏழைக்கும் உடல்நோய் மருத்துவத்தைப் போலவே மனநோய் மருத்துவமும் உரிமையாகும் நாள் வரும், அன்று இலவச நிலையங்கள் தோன்றும் என்றார். 1920இல் பெர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் அத்தகைய நிலையங்கள் தோன்றவும் செய்தன. தம் ஆலோசனை அறையில் தம்மால் தீர்க்க இயலாத குறையை அடுத்த தலைமுறையின் கடமையாக எழுதிவைத்தார் எனலாம்.

புதன்கிழமை வட்டம்

இலக்கிய வட்டத்தின் விழாவில் இன்னொரு வட்டத்தைக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. 1899 நவம்பரில் வெளிவந்து 1900 என ஆண்டிடப்பெற்ற 'கனவுகளின் விளக்கம்' 600 படிகளே அச்சாயிற்று. அவை விற்றுத்தீர ஏறத்தாழ எட்டாண்டுகள் ஆயின. அத்தகைய தனிமைக்காலத்தில், 1902இல், வில்ஹெல்ம் ஸ்டெக்கல் என்னும் மருத்துவரின் தூண்டுதலால், நான்கு மருத்துவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். புதன்தோறும் மாலையில் நோயாளிகள் காத்திருக்கும் அறையிலேயே ஐவரும் கூடினர். ஒருவர் கட்டுரை படிப்பார். பின்னர்க் காப்பியும் சுருட்டும். அதன்பின் விவாதம். பேசுவோரின் வரிசையைச் சீட்டெடுத்து முடிவு செய்தனர். எவரும் பேசாமல் ஒதுங்க இயலாது.

அவ்வட்டம் வளர்ந்தது, வளர்ச்சியோடு பூசலும் வந்தது. 1907இல் பிராய்டு ஒரு செயல் செய்தார். வட்டத்தைக் கலைத்துவிட்டதாக உறுப்பினர்களுக்கு மடல் எழுதி, உடனேயே புதிதாகத் தொடங்குவதாகவும் அறிவித்தார். விலக விரும்புவோர் பகையின்றி, விளக்கம் கூறாமல் விலகுவதற்கு வழி செய்வதே நோக்கம். மறு ஆண்டு அது வியன்னா உளப்பகுப்பாய்வுக் கழகமாக மலர்ந்தது. பின்னர் ஆட்லர் பிரிந்தார், ஸ்டெக்கல் பிரிந்தார், பிற நகரத்து யுங்கும் பிரிந்தார். அப்பிரிவுகள் கசப்பின்றி நிகழவில்லை. நோயாளியின் மாறுபாட்டைப் பொறுமையுடன் கேட்ட செவி, நண்பரின் மாறுபாட்டைக் கேட்க அத்துணை இசையவில்லை. பத்தாண்டு கடந்த எந்த வட்டமும் இதனைத் தனக்குரிய செய்தியாகவும் கொள்ளலாம்.

1907 டிசம்பரில், ஹூகோ ஹெல்லர் என்னும் பதிப்பாளரின் நிலையத்தில், படைப்பாளியையும் பகற்கனவையும் ஒப்பிட்டுப் பிராய்டு உரையாற்றினார். குழந்தையின் விளையாட்டு வளர்ந்தோரின் பகற்கனவாகி, அதுவே கலைஞர் கையில் படைப்பாகிறது என்பது அதன் சாரம். இலக்கியத்துக்கும் இத்துறைக்கும் இடையே நிகழ்ந்த நேர்முக உரையாடல்களுள் அது முதன்மையானது.

பெயரும் மறைவும்

இனி, கேட்டதை எழுதுதல் பற்றிய வினா. 1900 அக்டோபரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியை அவள் தந்தை பிராய்டிடம் அழைத்து வந்தார். குடும்ப நண்பர் ஒருவர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என அவள் சொன்னதை வீட்டார் நம்பவில்லை. பிராய்டு அவள் சொன்னது உண்மை என நம்பினார். ஆனால் அவள் வெறுப்புக்கு அடியில் விருப்பமே இருந்தது என நிறுவ முயன்றார். பதினொரு வாரம் கடந்து, டிசம்பர் 31ஆம் நாள், இன்றே கடைசி என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

1905இல் பிராய்டு இவ்வரலாற்றை வெளியிட்டபோது அவளுக்கு 'டோரா' எனப் பெயர் சூட்டினார். அப்பெயர் தம் மனத்தில் எவ்வாறு எழுந்தது என்பதை வேறொரு நூலில் அவரே ஆராய்ந்துள்ளார். அவர் தங்கை வீட்டுப் பணிப்பெண்ணின் இயற்பெயர் ரோசா. தங்கையின் பெயரும் ரோசா ஆகையால், அப்பணிப்பெண் தன் பெயரை விட்டு டோரா என அழைக்கப்பட்டாள். தன் பெயரைக்கூடத் தனக்கென வைத்துக்கொள்ள இயலாத ஒருத்தியின் பெயரையே, தன் சொல்லைத் தனக்கென வைத்துக்கொள்ள இயலாத இன்னொருத்திக்கு அவர் மனம் தேர்ந்தெடுத்தது. பெண்ணியத் திறனாய்வாளர் பலர் இவ்வரலாற்றைப் பிராய்டின் தோல்வியாகவே வாசிக்கின்றனர். நோயாளி மருத்துவர்மீது ஏற்றிக்காணும் உணர்வுகளைத் தாம் உரிய காலத்தில் உணரவில்லை என்று பிராய்டும் அந்நூலிலேயே ஒப்புக்கொள்கிறார். அவளை அவர் கேட்டார். ஆனால் தாம் கேட்க விரும்பியதையே கேட்டார். கதவைத் திறந்துகொண்டு வெளியேறியதே அவள் தந்த மறுமொழி.

பெயர் மறைத்தல் நமக்குப் புதிதன்று. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறுதல் கூடாது என்பது தொல்காப்பிய நெறி. தலைவி, தலைவன், தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களே அங்கு உண்டு. ஒருவரது அந்தரங்கம் எல்லார்க்கும் உரிய உணர்வாக மாறுதற்கு அது வழி செய்தது. ஆயினும் பெயரை மறைத்தல் மட்டும் போதுமா? நெடுநல்வாடை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அதில் தலைவன் பெயர் இல்லை. ஆனால் பாண்டியர்க்குரிய வேப்பம்பூ அடையாளம் இடம்பெற்றமையால், உரையாசிரியர் அதனைப் புறமெனக் கொண்டனர். ஒரு பூ போதும், மறைத்தவரைக் காட்டிக்கொடுக்க. பிராய்டின் நோய்வரலாறுகளிலும் இதுவே நேர்ந்தது. பெயர்கள் மாற்றப்பட்டன, ஊர்கள் மாற்றப்பட்டன. ஆனால் வரலாற்றின் நுட்பம் அதன் சிறு விவரங்களில்தான் உள்ளது. அவ்விவரங்களைப் பற்றிக்கொண்டு பின்வந்தோர் ஏறத்தாழ எல்லாருடைய உண்மைப் பெயர்களையும் கண்டுபிடித்துவிட்டனர். விவரத்தை நீக்கினால் உண்மை சாகும். விவரத்தை வைத்தால் மறைவு சாகும். பிறர் வாழ்வை எழுதும் ஒவ்வொருவரும் இவ்விரண்டிற்கும் இடையிலேயே நிற்கின்றனர்.

இவ்வொப்புமையைக் கொண்டு தொல்காப்பியர் பிராய்டுக்கு முன்னோடி எனப் பெருமை பேசுதல் தேவையற்றது. அகமரபு பாடலின் நெறி. பிராய்டினது மருத்துவத்தின் நெறி. இரண்டும் ஒரே இடர்ப்பாட்டைச் சந்தித்தன என்பதே நாம் கொள்ளத்தக்கது.

சாய்மஞ்சத்தில் ஒரு கவிஞர்

எச்.டி. என்னும் முதலெழுத்துகளால் அறியப்படும் அமெரிக்கக் கவிஞர் ஹில்டா டூலிட்டில் 1933இலும் 1934இலும் பெர்க்காசே இல்லத்தில் சிகிச்சை பெற்றார். இந்நிகழ்வின் சிறப்பு, கேட்கப்பட்டவரே கேட்டவரைப் பற்றி எழுதினார் என்பது. 1944இல், போர்க்கால லண்டனில், வியன்னாவில் எழுதிய குறிப்பேடுகளைப் பாராமலேயே அவர் எழுதிய நினைவுகள், 1956இல் 'பிராய்டுக்கு அஞ்சலி' என்னும் நூலாயின.

அந்நூலில் அவ்வறை உயிர்பெறுகிறது. மேசைமேல் எகிப்திய, கிரேக்கத் தொல்சிலைகள். அவற்றின் நடுவே தந்தத்தாலான திருமால் சிலை ஒன்று. கல்கத்தாவில் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ், தம் கழகத்தின் சார்பில் 1931இல், பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு அனுப்பிய பரிசு அது. இருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை; மடல்வழியாகவே கருத்து மாறுபட்டு நட்புக் கொண்டிருந்தனர். பிராய்டு எச்.டி.யிடம் எடுத்துக் காட்டியது சிறிய அத்தீனா சிலை ஒன்றை. குறையொன்றுமில்லை, கையிலிருந்த ஈட்டியை மட்டும் இழந்துவிட்டாள் என்று சொல்லிக் காட்டினாராம்.

1920இல் கோர்ஃபு தீவில் சுவரில் ஒளிவடிவங்கள் எழுதப்படுவதுபோல் எச்.டி. கண்ட காட்சியைப் பிராய்டு இடர்தரும் நோய்க்குறியாகக் கருதினார். எச்.டி.யோ அதைக் கவிமனத்தின் விரிவாகக் கருதினார். இருவரும் தத்தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. டோராவின் கதையில் கருத்து மாறுபாடு உறவை முறித்தது. முப்பதாண்டுகள் கடந்து, எச்.டி.யின் கதையில் அதே மாறுபாடு உறவுக்குள்ளேயே இடம்பெற்றது. கேட்பவர் முதிர்ந்திருந்தார்; அல்லது சொன்னவர் தம் சொல்லைத் தாமே எழுதவல்ல கவிஞராக இருந்தார். இரண்டும் காரணமாகலாம்.

தொழிலை முடித்தல்

1923இல் பிராய்டின் வாயில் புற்றுநோய் கண்டது. அவ்வாண்டிலேயே மேல்தாடையின் ஒரு பகுதி அகற்றப்பட்டு, செயற்கை அண்ணம் பொருத்தப்பட்டது. அடுத்த பதினாறு ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகள். பேச்சுத் தடைப்பட்டது. வலச்செவி ஏறக்குறையச் செவிடாயிற்று. நோயாளியின் பக்கம் இருந்தது அச்செவியே ஆகையால், சாய்மஞ்சத்தையும் நாற்காலியையும் இடம் மாற்றிப் போட்டு, இடச்செவியால் கேட்கத் தொடங்கினார். நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தாரேயன்றித் தொழிலை நிறுத்தவில்லை. ஓய்வு பெறுவதற்கு வாய்த்த காரணங்கள் பல. அவற்றுள் எதையும் அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

1937இல் முடிவுறும் சிகிச்சையையும் முடிவிலாச் சிகிச்சையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தொடக்கத்தைப்பற்றி 1913இல் உறுதியோடு எழுதிய அவர், 81ஆம் வயதில் முடிவைப்பற்றி ஐயத்தோடு எழுதுகிறார். நடைமுறையில் சிகிச்சை முடிந்தது என்பதற்குப் பொருள், இருவரும் சந்திப்பதை நிறுத்திவிட்டனர் என்பதே. முற்றிலும் தீர்ந்தது என்று சொல்லத்தக்க நிலை அரிது. கற்பித்தல், ஆளுதல், குணப்படுத்துதல் ஆகிய மூன்றும் நிறைவான பயனை என்றும் எட்ட இயலாத தொழில்கள் என்றும், மருத்துவரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம்மையே சிகிச்சைக்கு உட்படுத்திக்கொள்ளல் நன்று என்றும் கூறுகிறார். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனைப் புன்முறுவலோடு ஏற்பர்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதரான பிராய்டின் வீடு சோதனையிடப்பட்டது. மகள் அன்னாவை கெஸ்டாப்போ காவலர் ஒருநாள் முழுவதும் விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். அதன்பிறகே அவர் ஊரைவிட்டு நீங்க இசைந்தார். மே மாதத்தில் எட்மண்ட் எங்கல்மன் என்னும் இளைஞர், கண்காணிப்புக்கு அஞ்சி ஒளிவிளக்கைப் பயன்படுத்தாமல், அவ்வறைகளை நிழற்படம் எடுத்தார். இன்று பெர்க்காசே இல்லம் இருந்தவாறு நமக்குத் தெரிவது அப்படங்களால்தான். ஜூன் 4ஆம் நாள் பிராய்டு குடும்பம் தொடர்வண்டி ஏறியது. முதிய தங்கையர் நால்வர் வியன்னாவிலேயே தங்க நேர்ந்தது. அவர் மறைந்தபின், நால்வரும் நாஜி முகாம்களில் உயிரிழந்தனர்.

லண்டனில் மேர்ஸ்பீல்டு கார்டன்ஸ் 20ஆம் எண் இல்லத்தில் சாய்மஞ்சமும் சிலைகளும் முன்போலவே அடுக்கிவைக்கப்பட்டன. அங்கும் அவர் நாளொன்றுக்கு நான்கு நோயாளிகளைக் கண்டார். 1939 ஜனவரியில் வர்ஜீனியா உல்ஃப் அவரைக் காண வந்தபோது, நார்சிசஸ் மலர் ஒன்றை அளித்தார். நோய் முற்றியது. 1939 ஆகஸ்டு 1ஆம் நாள் தொழிலை முறைப்படி முடித்துக்கொண்டார். செப்டம்பர் 23இல் மறைந்தார். 53 ஆண்டுத் தொழிலுக்கு அவர் பெற்ற ஓய்வு 53 நாள். அந்நாட்களில் அவர் இறுதியாகப் படித்தது பால்சாக்கின் நாவல் ஒன்று. விருப்பம் நிறைவேறுந்தோறும் சுருங்கிக்கொண்டே வரும் மாயத்தோலின் கதை.

நிறைவாக

வியன்னா இல்லம் 1971 முதலும், லண்டன் இல்லம் 1986 முதலும் காட்சியகங்களாக உள்ளன. சாய்மஞ்சம் இருப்பது லண்டனில். வியன்னாவில் அது கிடந்த இடம் வெறுமையாகவே உள்ளது.

பிராய்டின் கோட்பாடுகளுள் பல இன்று மறுக்கப்பட்டுள்ளன, சில திருத்தப்பட்டுள்ளன. அவர் தொழில்முறையிலும் பிழைகள் உண்டு. தம் மகளுக்கே தாம் மருத்துவராய் இருந்தது அவற்றுள் ஒன்று. எனினும் ஒருவர் சொல்ல இன்னொருவர் இடைமறியாது கேட்பதற்கென ஒரு நேரத்தையும் ஓர் அறையையும் ஒரு நெறியையும் வகுத்தமை அவர் விட்டுச்சென்ற செல்வம்.

கவிஞர் பெருமக்களுக்கு இவ்வரலாறு நினைவூட்டும் கடன்கள் மூன்று. பிறர் துயரைக் கேட்டுப் பெறும் எதற்கும் விலை உண்டு. அவ்விலையை யார் கொடுக்கிறார் என்பதை அறிந்திருத்தல் முதற்கடன். கேட்டதைப் பாடும்போது, பாடப்படுபவரைக் காட்டிக்கொடுக்கும் வேப்பம்பூ எது என ஆராய்தல் இரண்டாங்கடன். சொன்னவர் எழுந்து போகும் உரிமையுடையவர், நம் விளக்கத்தை மறுக்கும் உரிமையுடையவர் என ஏற்றல் மூன்றாங்கடன். இம்மூன்றையும் பேணும் செவிகள் இவ்வட்டத்தில் பெருகுக. இன்னும் பல பத்தாண்டுகள் இங்குச் சொல்வோரும் கேட்போரும் நிறைந்திருப்பாராக.